சுவர் போனும் கதவு போனும்

குடிநீர் வாரியத்தில் இருநூற்றுப் பதினேழு பேர் வேலை பார்த்தார்கள். பாதிப் பேரிடம் ஒரு வகைப் போன் இருந்தது, மறுபாதியிடம் இன்னொரு வகை. இந்தப் பாதிக்கு அந்தப் பாதியைக் கண்டால் ஆகாது. குழாயில் தண்ணீர் வருகிறதோ இல்லையோ, மதிய இடைவேளையில் இந்தச் சண்டை தவறாமல் வந்துவிடும்.

"உன் போன்லேருந்து ஒரு பாட்டை அடுத்தவனுக்கு அனுப்ப முடியுமா? அதுக்குள்ள என்ன பவிசு!" என்று ஒருவர் ஆரம்பிப்பார்.

"உன் போன் ரெண்டு வருஷத்துல தள்ளாடும். என்னுது கல்லு மாதிரி நிக்கும்" என்று மற்றவர் எகிறுவார்.

வரைபடப் பிரிவில் பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்திகள் இருவர் இதனாலேயே பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். இப்படி வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அவல் கிடைத்தது போல மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. மீட்டர் எண்களை இனி நோட்டில் எழுதக் கூடாது, வாரியம் தரும் போனில்தான் பதிய வேண்டும். எந்தப் போன் என்று உத்தரவில் இல்லை. அதை எழுதியவர்களும் ஆளுக்கொரு போன் வைத்திருந்தார்கள் போலிருக்கிறது.

ஆகவே ஒரு குழு அமைந்தது. பெயர், கைபேசி ஒப்பீட்டு உயர்நிலைக் குழு. தலைவர், தலைமைப் பொறியாளர். உறுப்பினர்கள் ஒன்பது பேர் என்றாலும் வாய் திறந்தவர்கள் இருவர்தான்: ஒரு வகைப் போனுக்காக உயிரையும் கொடுக்கக்கூடிய கொள்முதல் அதிகாரி, இன்னொரு வகைக்காக அடுத்தவர் உயிரையும் எடுக்கக்கூடிய கணக்கு அதிகாரி. இவர்கள் பேசுவதை எழுதிக்கொள்ள ஓர் அம்மையார், குறிப்பெழுத்தர்.

இரண்டு போன்களையும் ஒருவர் பயன்படுத்திப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். அவர் எந்தப் பக்கமும் சாயாதவராக இருக்க வேண்டும். வாரியம் முழுக்கச் சலித்துப் பார்த்தார்கள். கடைசியில் ஒரே ஓர் ஆள் தேறினார். அவர்தான் மூன்றாம் வட்டத்து மீட்டர்காரர். அவரிடம் இருந்தது ஒரு பட்டன் போன். அதிலும் ஐந்து என்ற எண் தேய்ந்து போயிருந்தது.

மீட்டர்காரருக்கு ஐம்பத்து நான்கு வயது. இருபத்தாறு வருஷமாக ஒரே வேலை. கம்பிக் கொக்கியால் இரும்பு மூடியைத் தூக்குவார், கரப்பான் ஓடும்வரை காத்திருப்பார், குழிக்குள் குனிந்து மீட்டர் கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைப்பார், எண்ணைப் படித்து நோட்டில் எழுதுவார். ஈரத்தில் பேனா எழுதாது என்பதால் பென்சில். இதற்குப் போன் எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. ஆனால் உயர்நிலைக் குழு கூப்பிட்டால் மீட்டர்காரர் போகாமல் இருக்க முடியுமா? போனார்.

"உங்க போனை ஒப்படைச்சிருங்க" என்றார் தலைவர். "சோதனை முடியற வரைக்கும் நீங்க வேற எந்தப் போனையும் தொடக்கூடாது. உங்க மனசு வெள்ளைத்தாளா இருக்கணும்."

"சார், அது மட்டும் வேணாம் சார்" என்றார் மீட்டர்காரர். "எம் பொண்ணு கூப்பிடுவா."

"எப்பக் கூப்பிடுவாங்க?"

"தெரியாது சார்."

"நீங்க கூப்பிட்டுச் சொல்லிடுங்களேன்."

"அவ நம்பர் தெரியாது சார்."

குழுவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. மீட்டர்காரருக்கு ஒரே மகள். தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள். அன்று அவர் வாயிலிருந்து வந்ததை எந்தத் தகப்பனும் மகளிடம் சொல்லக் கூடாது. அவள் அந்த நாளே நாட்டை விட்டுப் போனாள். மூன்று வருஷம் ஒரு தகவலும் இல்லை. வாரியக் குடியிருப்பை இடித்ததில் இவர்களும் வீடு மாறிவிட்டார்கள். பிறகு, குழு கூப்பிட்டதற்கு மூன்று வாரம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டன் போன் அடித்தது. எந்த நாட்டு எண்ணோ, நீளமாக இருந்தது. "அப்பா, நல்லா இருக்கீங்களா?" என்றாள். இவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ம்" என்றார். "யாரோட போனோ வாங்கிப் பேசறேன்ப்பா. அப்புறம் கூப்பிடறேன்" என்றாள். வைத்துவிட்டாள். திரும்ப அடித்தால் அந்த எண் போகவில்லை.

"மூணு வருஷம் கழிச்சு பெத்த பொண்ணு கூப்பிடறா, 'ம்'முங்கறீங்க. மாடா நீங்க?" என்று மனைவி அன்று முழுக்கத் திட்டினாள். திட்டியது நியாயம்தான். அன்று முதல் மீட்டர்காரர் ஒவ்வொரு குழியிலும் குனியும்போது ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பா பேசினது தப்பும்மா, வீட்டுக்கு வா." அடுத்த தடவை போன் அடித்தால் இதைச் சொல்லிவிட வேண்டும். உலகத்தில் அவருக்கு வேறு வேலை இல்லை.

இதையெல்லாம் குழுவிடம் சொல்ல முடியுமா? பாதியைச் சொன்னார். குறிப்பெழுத்தர் எழுதிக்கொண்டார்: 'பயனாளருக்கு ஒரு மகள் உண்டு. குழு கவனத்தில் கொண்டது.' பிறகு பட்டன் போனை அணைத்து, உறையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, இரும்புப் பெட்டியில் பூட்டினார்கள். முத்திரை கொள்முதல் அதிகாரியிடம், சாவி கணக்கு அதிகாரியிடம். ஒருவரை ஒருவர் நம்பாததால் இந்த ஏற்பாடு. "மூணு வாரந்தான்" என்றார் தலைவர். மீறினால் வேலை போகும் என்று எழுதிய தாளில் மீட்டர்காரர் கையெழுத்துப் போட்டார்.

அந்த மூன்று வாரமும் போன்களுக்குப் பெயர் வைப்பதிலேயே போயிற்று. உண்மைப் பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும். முதல் போன், இரண்டாம் போன் என்றால் முதல் என்பது உசத்தி. இடது, வலது என்றால் எதிரே உட்கார்ந்தவருக்கு மாறிப் போகிறது. ஒரு போன் மேசையில் சுவர் ஓரமாகவும் இன்னொன்று கதவு ஓரமாகவும் இருந்ததால், சுவர் போன், கதவு போன் என்று முடிவாயிற்று. மேசையை யாரும் நகர்த்தக் கூடாதென்று அதன் கால்களைத் தரையோடு சிமெண்ட் போட்டுப் பூசினார்கள். வாரியத்தில் அந்த வருஷம் முடிந்த ஒரே கட்டுமானப் பணி அது.

சோதனை தொடங்கியது. முதலில் விரல் ரேகை. மீட்டர்காரர் கட்டைவிரலைச் சுவர் போனில் வைத்தார், திறக்கவில்லை. கதவு போனில் வைத்தார், அதுவும் திறக்கவில்லை. இருபத்தாறு வருஷம் மீட்டர் கண்ணாடியைத் துடைத்ததில் ரேகை தேய்ந்துபோயிருந்தது. இரண்டு அதிகாரிகளும் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். போனில் குறை இல்லை, விரலில்தான் குறை. விரலைச் சரிசெய்துகொண்டு வருமாறு பயனாளருக்கு எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்தார்கள்.

அடுத்தது படம் பிடிக்கும் சோதனை. சுவர் போன் பிடித்த படத்தில் மீட்டர்காரர் சிவப்பாக, பத்து வயது குறைந்து, மாப்பிள்ளை மாதிரி இருந்தார். கதவு போன் பிடித்த படத்தில் சுருக்கம், தழும்பு, காலையில் சவரம் செய்ததில் விட்டுப்போன மூன்று முடி எல்லாம் இருந்தன. எது மீட்டர்காரரின் முகம் என்று விவாதம் எழுந்தது. மீட்டர்காரரை நடுவில் நிறுத்திச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள்.

"இதுதான் இவர்" என்று சுவர் போனைத் தூக்கிக் காட்டினார் கொள்முதல் அதிகாரி. "மனுஷன் உள்ளுக்குள்ள இப்படித்தான் இருக்கார். இந்தப் போனுக்கு மனசு தெரியுது."

"சுருக்கத்தை மறைக்கிற போன் நாளைக்கு மீட்டரையும் மறைக்கும்" என்றார் கணக்கு அதிகாரி.

"மறைச்சா என்ன? நாலு விஷயத்தை மறைக்கத் தெரிஞ்சாத்தான் நிர்வாகம்" என்றார் கொள்முதல் அதிகாரி. குறிப்பெழுத்தர் அதையும் எழுதிக்கொண்டார்.

வாக்கெடுப்பில் ஐந்துக்கு நான்கு என்று சுவர் போன் முகம் ஜெயித்தது. இனி அதுவே அவருடைய அதிகாரபூர்வ முகம் என்று அடையாள அட்டையில் ஒட்டிவிட்டார்கள். மறுநாள் காலை வாயில் காவலர் அட்டையைப் பார்த்தார், மீட்டர்காரரைப் பார்த்தார்.

"அண்ணே, இதுல இருக்கிறவர வரச் சொல்லுங்க" என்றார்.

"நான்தாம்பா அது."

"கோவிச்சுக்காதீங்கண்ணே. இவரு வேற யாரோ பெரிய எடம்."

அன்று முதல் மீட்டர்காரர் பின்பக்கம் பம்ப் அறை வழியாக உள்ளே வந்தார். இவர் வட்டத்து மீட்டர்களை யார் படித்தார்கள் என்று கேட்கிறீர்களா? யாரும் படிக்கவில்லை. அவை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன.

மாதங்கள் போயின. வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வந்தால் மனைவி ஆரம்பித்துவிடுவாள்.

"நீங்க அந்தப் போனை எடுத்துட்டு வரப் போறீங்களா இல்லையா?"

"குழு முடியட்டும்னு சொல்றாங்க."

"வேற ஒரு போனை வாங்கித் தொலைங்களேன்."

"எத்தனை போன் வாங்கினா என்ன? அவளுக்குத் தெரிஞ்ச நம்பர் அது ஒண்ணுதானே."

மனைவி கெட்டிக்காரி. தொலைந்த சிம்முக்குப் பதில் அதே எண்ணில் வேறு சிம் தருவார்கள் என்று கேள்விப்பட்டுக் கடைக்கே போனாள். கடைக்காரர் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, சிம் மகள் பெயரில் இருக்கிறது, அவரே நேரில் வந்தால்தான் முடியும் என்றார். மகள்தான், தான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அதை வாங்கிக் கொடுத்திருந்தாள். அவள் வந்து நின்றால் இந்தப் போனே எதற்கு என்று மனைவி கடைவாசலிலேயே உட்கார்ந்து அழுதாளாம். கடைக்காரர் நல்ல மனிதர். போகும்போது இன்னொன்றும் சொன்னார். பல மாதம் உயிர்ப்பில்லாமல் கிடந்தால் எண்ணை ரத்து செய்து வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள், சீக்கிரம் போனை எடுத்து இயக்குங்கள் என்றார்.

மீட்டர்காரர் குழுவுக்கு மனு எழுதினார். பத்தே நிமிடம் உறையைத் திறந்து போனை இயக்கிவிட்டு மறுபடி பூட்டிவிடலாம் என்று கெஞ்சினார். பூட்டைத் திறக்க இரண்டு அதிகாரிகளும் ஒன்றாக வர வேண்டும். முத்திரைக்காரர் வந்த நாளில் சாவிக்காரர் விடுப்பில் இருந்தார். சாவிக்காரர் வந்த நாளில் முத்திரைக்காரருக்குப் பயிற்சி முகாம். நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம். நான்கு மாதம் இப்படியே போனது.

ஐந்தாவது மாதம் மனு விவாதத்துக்கு வந்தது. தலைவர் பெருந்தன்மையாக ஒரு யோசனை சொன்னார். "சிம்மை எடுத்து நம்ம போன் ஒண்ணுலயே போட்டுடலாமே. பொண்ணு கூப்பிட்டா இவர் இங்கேயே பேசட்டும்."

மீட்டர்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்ட கையை இறக்குவதற்குள் கணக்கு அதிகாரி எழுந்தார்.

"எந்தப் போன்ல போடுவீங்க?"

"சுவர் போன்ல. எனக்கு ஆட்சேபணை இல்ல" என்றார் கொள்முதல் அதிகாரி.

"உங்களுக்கு எப்படி இருக்கும்? மூணு வருஷமா பேசாத பொண்ணு குரல் சுவர் போன்ல கேட்டா இவர் அழுவாரு. அழுத கண்ணோட மார்க் போட்டா அது மார்க்கா? பாசத்தைக் காட்டி ஆளைப் பிடிக்கப் பாக்கறீங்க."

"அப்போ ஒற்றைப்படைத் தேதில சுவர், இரட்டைப்படைத் தேதில கதவு" என்றார் தலைவர்.

கணக்கு அதிகாரி காகிதத்தில் கூட்டிப் பார்த்தார். "முப்பத்தொண்ணு வர்ற மாசம் ஏழு. வருஷத்துக்கு ஏழு நாள் சுவருக்கு அதிகம். லீப் வருஷம்னா எட்டு. இந்த அநியாயத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மூன்று மணி நேரம் வாதாடிக் கடைசியில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. மகள் எப்போது அழைத்தாலும் இரண்டு போனுக்கும் அடுத்தடுத்து அழைக்க வேண்டும். அதே வார்த்தைகளை, அன்பின் அளவு மாறாமல், இரு முறை பேச வேண்டும். இதை மகளிடம் எப்படித் தெரிவிப்பது? அவர் அடுத்து அழைக்கும்போது தெரிவிக்கப்படும் என்று எழுதிக்கொண்டார்கள். அவர் அழைக்க வேண்டிய போன் அணைந்து பெட்டிக்குள் கிடந்தது. குறிப்பெழுத்தர் மட்டும் எழுதுவதை நிறுத்தித் தலைவரைப் பார்த்தார். தலைவர் சமோசாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி நியாயம் பேசிப் பயனில்லை என்று மீட்டர்காரர் பொய் சொல்லத் துணிந்தார். யாராவது ஜெயித்தால்தானே இது முடியும்? அடுத்த கூட்டத்தில் எழுந்து, "சார், சுவர் போன்தான் நல்லா இருக்கு" என்றார்.

"எவ்வளவு வாங்கினீங்க?" என்றார் கணக்கு அதிகாரி. விசாரணை ஒரு மாதம் நடந்தது.

அடுத்த தடவை கதவு போன்தான் நல்லது என்றார். "போன மாசம் அது, இந்த மாசம் இதுவா? யார் மிரட்டினாங்க?" என்றார் கொள்முதல் அதிகாரி. இன்னொரு விசாரணை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. கடைசியில் வெறுத்துப்போய், "எனக்கு ரெண்டும் வேணாம் சார், என் நோட்டைக் குடுங்க, போறேன்" என்றார். இந்தக் கருத்து குழுவின் அதிகார வரம்புக்குள் வராது என்று தலைவர் நிராகரித்தார்.

"நீங்க எதுக்கு அவசரப்படறீங்க?" என்று அவரைத் தட்டிக்கொடுத்து ஒரு சொற்பொழிவும் ஆற்றினார். "முடிவு எடுக்கிறது பெரிய விஷயமில்ல. தெருவுல போற யாரும் எடுப்பான். பதினாறு மாசம் ஒரு முடிவும் எடுக்காம ஒரு குழுவை நடத்தணும்னா அதுக்கு அனுபவம் வேணும். நான் சேர்ந்த காலத்துலேருந்து எட்டுக் குழு பாத்திருக்கேன். ஒண்ணுலயும் ஒரு முடிவு வந்ததுன்னு யாரும் என்னைக் கைநீட்டிச் சொல்ல முடியாது." உறுப்பினர்கள் கைதட்டினார்கள். சம்பந்திகள் இருவரும்கூட வந்து தட்டினார்கள், ஆளுக்கொரு மூலையில் நின்று.

இதற்கு நடுவே போன்கள் மீட்டர் குழியில் விழுந்தால் என்னாகும் என்று பார்க்க இரண்டையும் தண்ணீர் நிறைந்த குழியில் போட்டார்கள். இரண்டும் செத்தன. எது முதலில் செத்தது என்பதில் கருத்து வேறுபாடு. மாற்றுப் போன் கேட்டால் கம்பெனிக்காரர்கள் அந்த மாதிரி இப்போது வருவதில்லை, புது மாதிரிதான் இருக்கிறது என்றார்கள். புதுப் போன் என்றால் புதுச் சோதனை. மீட்டர்காரரின் முகத்தை மறுபடி படம் பிடித்தார்கள். இம்முறை இரண்டு போனிலும் ஒரே மாதிரி இருந்தார். அவ்வளவு இளைத்திருந்தார்.

இருபத்திரண்டாவது மாதத்தில் மேலிடத்திலிருந்து அறிக்கை எங்கே என்று கேட்டு ஓலை வந்தது. குழு பரபரத்தது. ஒரே ஒரு சோதனை பாக்கி என்று கண்டுபிடித்தார்கள். போனில் பேசிப் பார்ப்பது. அதுவரை யாருக்கும் அது தோன்றவில்லை.

"நிஜ அழைப்பா இருக்கணும்" என்றார் தலைவர். "பயனாளர் தனக்கு வேண்டிய எந்த நம்பருக்கும் பேசலாம்."

"எனக்கு வேண்டிய நம்பர் அந்தப் பெட்டிக்குள்ள இருக்கு சார்" என்றார் மீட்டர்காரர்.

அன்று அதிசயமாக இரண்டு அதிகாரிகளும் அறையில் இருந்தார்கள். முத்திரையை உடைத்தார்கள், பூட்டைத் திறந்தார்கள். பட்டன் போனின் பேட்டரி உப்பிப் பின்மூடி பிளந்து கிடந்தது. குறிப்பெழுத்தர் சிம்மைக் கழற்றித் தன் சொந்தப் போனில் போட்டுப் பார்த்தார். சேவை இல்லை என்று வந்தது. மீட்டர்காரர் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சேவை இல்லைன்னா நம்பர் இல்லைன்னு அர்த்தமில்ல" என்றார் தலைவர் உற்சாகமாக. "அந்த நம்பருக்கே அடிச்சுப் பாருங்க. நமக்கும் சோதனை முடிஞ்ச மாதிரி ஆச்சு. முதல்ல சுவர் போன்."

மீட்டர்காரர் சுவர் போனில் தன் எண்ணைத் தானே அடித்தார். மணி அடித்தது. ஒரு பெண் எடுத்தாள்.

"அலோ, யாருங்க?"

"அம்மா, இது... இது என்னோட நம்பரும்மா. முன்னாடி."

"அப்படியா? ஆறு மாசமா நான்தாங்க வச்சிருக்கேன். கடைல குடுத்தாங்க." பிறகு குரல் மாறியது. "இருங்க, நீங்கதானா அந்த அப்பா? ஒரு பொண்ணு ஞாயித்துக்கெழமையானா கூப்பிடும்ங்க. அப்பா இல்லையான்னு கேக்கும். அப்படி யாரும் இங்க இல்லம்மான்னு சொல்லுவேன். நாலஞ்சு தடவ கூப்பிட்டுச்சு. கடைசியா, 'அப்பாதான் அப்படிச் சொல்லச் சொன்னாரா'ன்னு கேட்டுச்சு. நான் என்னங்க சொல்றது? எனக்கும் வேலை இருந்துச்சு, வச்சிட்டேன். அதுக்கப்புறம் வரல."

"அந்த நம்பர் இருக்காம்மா?"

"இருந்துச்சு. போன மாசந்தான் போன் மாத்தினேன். அந்தக் கம்பெனிலேருந்து இந்தக் கம்பெனிக்கு வந்துட்டேன். பழசு எதுவும் கூட வரல. ஆனா போன் பிரமாதம்ங்க. நீங்க எது வச்சிருக்கீங்க?"

"நான் எதுவும் வச்சிருக்கலம்மா" என்று சொல்லிவிட்டு மீட்டர்காரர் போனைக் கீழே வைத்தார்.

அறையில் ஒன்பது பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குறிப்பெழுத்தர் மெதுவாக ஒரு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"குரல் எப்படி இருந்துச்சு?" என்றார் தலைவர்.

"கேட்டுச்சு சார்."

"நல்லது. இப்போ அதே நம்பருக்குக் கதவு போன்ல அடிங்க. அதே பேச்சு. அப்பதான் சமமா இருக்கும்."

"சார், அவரை விட்டுடுங்களேன்" என்றார் குறிப்பெழுத்தர். இருபத்திரண்டு மாதத்தில் அவர் குழுவில் வாய் திறந்து பேசியது அன்றுதான். அவர் பேசியதை எழுத ஆளில்லாததால் அது குறிப்பில் ஏறவில்லை.

மீட்டர்காரர் மறுக்கவில்லை. கதவு போனை எடுத்து அடித்தார்.

"இப்பத்தானேங்க பேசினோம்?" என்றாள் அந்தப் பெண்.

"ஆமாம்மா. அவ என்ன கேட்டான்னு இன்னொரு தடவ சொல்லுங்க."

அவள் பொறுமைசாலி. திரும்பவும் சொன்னாள். அப்பா இல்லையா என்று கேட்டதைச் சொன்னாள், அப்பாதான் அப்படிச் சொல்லச் சொன்னாரா என்று கேட்டதைச் சொன்னாள். பிறகு, "முன்னாடி சொல்ல விட்டுப்போச்சுங்க. கடைசித் தடவ பின்னாடி ஒரு கைக்குழந்தை அழுதுச்சு. 'இருடா, தாத்தாகிட்ட பேசலாம்'னு அதுகிட்ட சொல்லிட்டுத்தான் என்கிட்டயே பேசுச்சு" என்றாள்.

மீட்டர்காரர் போனை வெகுநேரம் காதிலேயே வைத்திருந்தார். அந்தப் பக்கம் எப்போதோ வைத்துவிட்டார்கள்.

"சொல்லுங்க, எது நல்லா இருந்துச்சு?" என்றார் தலைவர்.

"கதவு போன்ல இன்னும் கொஞ்சம் கேட்டுச்சு சார்" என்றார் மீட்டர்காரர்.

கணக்கு அதிகாரி துள்ளி எழுந்து கைதட்டினார். அவர் பக்கத்து மற்ற மூவரும் தட்டினார்கள். கொள்முதல் அதிகாரி மேசையை ஓங்கிக் குத்தினார். மேசை சிமெண்டில் நின்றதால் அசையவில்லை.

"முதல் அழைப்புல இல்லாத ஒரு குழந்தை ரெண்டாவதுல எப்படி வந்துச்சு? ரெண்டு பேச்சும் சமமில்ல. கதவு போனுக்குச் சாதகமா ஒரு பேரன் சேர்க்கப்பட்டிருக்கான். ரெண்டையும் தள்ளுபடி பண்ணணும்."

தலைவர் கண்ணை மூடி யோசித்தார். ஆட்சேபணை நியாயமானது என்றார். இரண்டு அழைப்புகளும் செல்லாது, குழுவின் காலம் மேலும் ஓராண்டு நீட்டிக்கப்படுகிறது, உறையை மறுபடி முத்திரையிட்டுப் பூட்டலாம் என்றார்.

மீட்டர்காரர் குறிப்பெழுத்தர் பக்கம் குனிந்தார்.

"மேடம், எனக்குப் பேரன் பொறந்திருக்கான்னு ஒரு வரி எழுதிக்குங்க. எங்கயாவது இருக்கட்டும்."

அந்த அம்மையார் படிவத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். புரட்டிப் பின்பக்கமும் பார்த்தார்.

"இதுல அதுக்குக் கட்டமே இல்லைங்களே" என்றார்.